சிலம்பைச் சோதிக்காத தீர்ப்புகள்

பாண்டியன் அவையில் மேல்முறையீடு கிடையாது. கண்ணகி கொணர்ந்த சிலம்பு உடைபட்டபோது கோவலன் வெட்டுண்டு கிடந்தான். இன்று அப்படியா, மூன்று நீதிமன்றங்கள் சலித்தெடுத்த பின்னரே ஒருவன் தூக்குமேடை ஏறுகிறான், பிழைக்கு இடமேது என்று மரண தண்டனையை ஆதரிக்கும் நண்பர்கள் வினவுகின்றனர்.

அவர்கள் முன் மகாராட்டிர வழக்கொன்றை வைக்கிறோம். 2003இல் நிகழ்ந்த கொடிய கொலைகளுக்காக நாடோடிச் சமூகத்தவர் அறுவருக்கு விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் மூவருக்கு அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றமோ அம்மூவரையும் சேர்த்து அறுவருக்கும் தூக்கே என்றது! அவர்களுள் ஒருவர் சம்பவ நாளில் சிறுவர் என்பதே பின்னர்தான் உறுதியாயிற்று.

உயிர் பிழைத்த பெண் காவல்துறையின் புகைப்படத் தொகுப்பில் வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தார். புலனாய்வு அந்நால்வரின் பக்கம் திரும்பவேயில்லை. சிலம்பு கையிலேயே இருந்தது, உடைத்துப் பார்ப்பாரில்லை.

2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் அறுவரையும் விடுதலை செய்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு மாநில அரசைப் பணித்தது. பதினாறு ஆண்டுகளுக்கு அதுதான் விலை போலும்.

எந்தச் சல்லடை இவர்களைக் காத்தது? மூன்றுமே ஓட்டை. 2009 தீர்ப்பு நிறைவேறாமல் பத்தாண்டுகள் இழுபட்டதே காத்தது. அந்தத் தாமதத்தைத்தான் நம் நண்பர்கள் நீதித்துறையின் நோய் என்று சாடி, தூக்கை விரைவுபடுத்தக் கோருகின்றனர்.