பேயைப் பார்த்தவன் சாட்சி செல்லுமா?

சென்ற மாதம் திருவண்ணாமலையில் மாணவத் தோழர்களோடு உட்கார்ந்து 'பிரமயுகம்' பார்த்தோம். பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்து வைத்திருந்தோம். கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோவும் கிடைக்காது, அறையும் கிடைக்காது.

ராகுல் சதாசிவன் இயக்கி 2024 பிப்ரவரியில் வந்த கருப்பு வெள்ளை மலையாளப் படம். 17ஆம் நூற்றாண்டு. அடிமையாக விற்கப்படாமல் தப்பி ஓடிவரும் தேவன் என்ற பாணன், காட்டில் நண்பனை யட்சியிடம் பறிகொடுத்துவிட்டு, பாழடைந்த ஒரு மனைக்குள் நுழைகிறான். அங்கே கொடுமோன் போத்தியாக மம்மூட்டி. பகடை ஆட்டத்தில் தேவன் பணயம் வைத்துத் தோற்பது தன் காலத்தை. வந்து எத்தனை நாளாயிற்று என்பதே அவனுக்குத் தெரியாமல் போகிறது.

படம் முடிந்ததும் ஒரு தம்பி சொன்னார்: "அவன் பசியில இருக்கான் தோழர். யட்சியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எல்லாம் அவன் மனசுல நடக்குது."

இப்படி வாசிப்பதும் ஒரு முறைதான். காண்பவரின் கண்ணையே நம்பாமல் படம் பார்ப்பது. கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா' (2012) இந்த விளையாட்டை அழகாக ஆடியது. பங்களாவில் நடந்ததாக மைக்கேல் சொல்லும் கதை முழுக்கப் புளுகு என்று பின்னால்தான் தெரியும். சொன்னபோது முதலாளி நம்பினார், நாமும் நம்பினோம்.

ஆனால் தம்பி பேசி முடித்ததும், முதலாமாண்டு படிக்கும் ஒரு தங்கை கேட்ட கேள்வியில் எங்கள் விவாதம் நின்றுவிட்டது. "அவன் பாத்ததை எத்தனை தடவை பாத்தா நீங்க ஒத்துக்குவீங்க?"

அவர் இந்த ஊரில் வாடகைக்கு அறை தேடிக்கொண்டிருந்தவர். ஒரு வீட்டில் ஊர் எது என்று கேட்டார்களாம், பிறகு தெரு எது, பிறகு கறி சமைப்பீர்களா. மறுநாள் போன் செய்தால், "சொந்தக்காரங்க வர்றாங்கம்மா, வீடு குடுத்தாச்சு." யாரும் சாதி என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்தும் 'வீடு வாடகைக்கு' அட்டை கேட்டில் தொங்குகிறது. வகுப்புத் தோழிகளிடம் சொன்னால், "உனக்கா அப்படித் தோணுது. இப்பல்லாம் யாருடி சாதி பாக்குறா?"

பேய்ப்படங்களில் நாயகி தனியாக இருக்கும்போதுதான் கதவு ஆடும். அலறல் கேட்டு ஆள் வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. நம் வழக்குகளும் இப்படித்தான் மெலிகின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r) பிரிவு, அவமதிப்பு 'பொதுப் பார்வையில்' நடந்திருக்க வேண்டும் என்கிறது. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், பிறர் இல்லாத நான்கு சுவருக்குள் நடந்தது இந்தப் பிரிவில் குற்றமாகாது என்றது உச்ச நீதிமன்றம். தனியாக இருந்தபோது பார்த்தாயா, அப்படியானால் அது பிரமை!

ஜோர்டன் பீலேயின் 'கெட் அவுட்' (2017) பார்த்தவர்களுக்கு இது பழக்கமான இடம். வெள்ளைக்காரக் காதலியின் வீட்டில் எல்லோரும் இனிக்கப் பேசுகிறார்கள். கிறிஸுக்கு மட்டும் ஏதோ சரியில்லை. அவனுடைய நண்பன் போலீசில் போய்ச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். முதலில் எடுத்த முடிவில் கிறிஸைத்தான் போலீஸ் கைது செய்யும். பிறகு பீலே அதை மாற்றினார்.

'பரியேறும் பெருமாள்' (2018) பேய்ப்படம் இல்லை, இருந்தாலும் அதிலும் ஓர் ஆவி உண்டு. தண்டவாளத்தில் கட்டிக் கொல்லப்பட்ட கருப்பி திரும்பத் திரும்ப வருகிறாள். அது ஆவியா, பரியனின் மனமயக்கமா என்று மாரி செல்வராஜ் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. அந்தக் கணக்கை யாருக்கும் காட்ட வேண்டிய கடன் பரியனுக்கு இல்லை. எங்களுக்கு அது பிடித்தது.

'பிரமயுகம்' மீது எங்களுக்குக் குறை உண்டு. (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) அங்கே இருப்பது போத்தியே இல்லை, முன்பு போத்திகளுக்கு அடிமையாக இருந்து விடுபட்ட சாத்தன் என்கிறது கதை. அப்படியானால் மனையின் கொடுமையெல்லாம் அடிமையின் கணக்கில் போய்விழுகிறதே? "அதிகாரம் யார் கைக்குப் போனாலும் அப்படித்தான்னு சொல்றாங்க" என்று வாதாடினார் அதே தம்பி. இருக்கலாம். ஆண்டவனும் ஆளப்பட்டவனும் கடைசியில் ஒன்றுதான் என்ற பேச்சை நாம் நிறையவே கேட்டாயிற்று.

பேய்க்குப் பயப்படுவது யார் என்பதையும் கேட்க வேண்டும். சுடுகாட்டை ஒட்டித்தான் நம் சேரிகளைத் தள்ளி வைத்தார்கள். அங்கே விளையாடி வளர்ந்த பிள்ளைகள் நாம். 2022 ஜனவரியில், நம் மாவட்டத்து வீரளூரில், இறந்தவரைப் பொதுச்சாலை வழியே எடுத்துப்போக அருந்ததியர் மக்கள் கேட்டார்கள். அதற்காக அவர்களின் குடியிருப்பே தாக்கப்பட்டது. ஒரு பிணம் தெருவைக் கடந்து போவதைக் கண்டு ஊரே நடுங்கியது என்றால், பேய் பிடித்திருந்தது யாரை?

அன்று கலையும் முன் அந்தத் தங்கை தன் போனைக் காட்டினார். கேட்டில் தொங்கும் அட்டையைத் தேதியோடு நான்கு நாட்கள் படம் எடுத்து வைத்திருந்தார். எங்களோடு இருந்த வேறு சாதித் தோழர் ஒருவர் அதே எண்ணுக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார். ஊர், பெயர் எல்லாம் விசாரித்த பிறகு மறுமுனை சொன்னது: "நாளைக்கே வந்து பாருங்க சார். வீடு ரெண்டு மாசமா காலியாத்தான் கெடக்கு."