நிறுத்தினவரைத் திட்டாதீங்க

"பில்லி ஜோயலா? அந்த ஆளு 93லயே காலி லா." போன வாரம் நண்பன் ஒருவன் சொன்னது. நிறைய வாசிக்கிறவன்தான். ஆனால் எழுத்தாளனோ பாடகனோ சாகும்வரை புதுசு புதுசாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிற கூட்டத்தில் அவனும் ஒருவன். இந்தக் கூட்டத்தின் மேல்தான் எனக்குக் கடுப்பு.

1971இலிருந்து 1993வரை பன்னிரண்டு பாப் ஆல்பங்கள். முதல் தட்டு தவறான வேகத்தில் பதிவாகி, குரல் கீச்சென்று வெளிவந்தது. அந்த ஒப்பந்தச் சிக்கலில் இருந்து தப்பிக்க லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மதுக்கூடத்தில் வேறு பெயரில் பியானோ வாசித்தார். 'பியானோ மேன்' அங்கிருந்து வந்ததுதான். கடைசித் தட்டின் கடைசிப் பாட்டுக்கு அவர் வைத்த தலைப்பு 'ஃபேமஸ் லாஸ்ட் வேர்ட்ஸ்'. மனுஷன் சொல்லிட்டுத்தான் போனார். நாமதான் காதில் வாங்கலை.

இவர் 'லேசான' ஆள் என்பது பழைய குற்றச்சாட்டு. அமெரிக்க ராக் விமர்சகர்கள் எழுபதுகளிலேயே இதைச் சொன்னார்கள். அவரும் அந்த விமர்சனங்களை மேடையில் வைத்தே கிழித்துப் போட்டார். (சின்னப்பிள்ளைத்தனம், ஒத்துக்கொள்கிறேன்.) சிறுகதை வாசிக்கிறவர்கள் 1977இல் வந்த 'சீன்ஸ் ஃப்ரம் அன் இட்டாலியன் ரெஸ்டாரண்ட்' பாட்டை ஒருமுறை கேளுங்கள். ஏழு நிமிடத்துக்கு மேல். ஒயின் மேசையில் பழைய சிநேகிதர்கள் இருவர் மெதுவாகப் பேச ஆரம்பிக்கிறார்கள். திடீரென்று பியானோ ஓடத் தொடங்குகிறது. பள்ளிக்கூடத்து ராஜா ராணியான பிரெண்டாவும் எட்டியும் கல்யாணம் செய்து, காசுக்குச் சண்டை போட்டு, பிரிகிறார்கள். பிறகு அதே மேசை, அதே ஒயின். பேசுகிறவர்கள் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது. அடுத்தவர் கதையைச் சொல்லித் தங்கள் கதையை மறைக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றும். இது லேசா?

எல்லாமே இந்தத் தரம் இல்லை. 1989இல் வந்த 'வி டிடின்ட் ஸ்டார்ட் த ஃபயர்' வெறும் பெயர்ப்பட்டியல். அதன் மெட்டை அவரே மட்டமாகப் பேசியிருக்கிறார். தன் சரக்கில் எது மட்டம் என்று தெரிந்தவருக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்றும் தெரிந்திருக்கும்.

93க்குப் பிறகு சும்மாவும் இருக்கவில்லை. 2001இல் தன் பியானோ படைப்புகளைச் செவ்வியல் பாணியில் ரிச்சர்ட் ஜூவை வாசிக்கவைத்து வெளியிட்டார். சொந்த விரலை நம்பாமல் வேறொருவரிடம் கொடுக்கிற அடக்கம் எத்தனை நட்சத்திரங்களுக்கு வரும்?

"ஆனா பழைய பாட்டையே வித்துத் தின்னாரே?" என்றான் நண்பன். நியாயமான கேள்வி. 2014 ஜனவரியிலிருந்து 2024 ஜூலைவரை, கொரோனா இடைவெளி போக, மேடிசன் ஸ்குவேர் கார்டனில் மாதம் ஒரு கச்சேரி. அங்கே அவருடைய மொத்தக் கச்சேரிகள் 150. டிக்கெட் விலை ஏழைக்கானது இல்லை, அதில் எனக்கும் கசப்பு உண்டு. ஆனால் பேத்தோவனை நாற்பது வருடம் வாசிக்கிற பியானோ கலைஞரிடம் யாரும் புதுசு கேட்பதில்லை. தன் பாட்டைத் தானே வாசித்தால் மட்டும் அது ஏன் சோம்பேறித்தனம்?

2024இல் 'டர்ன் த லைட்ஸ் பேக் ஆன்' வந்தது. வேறு மூன்று பேரோடு சேர்ந்து எழுதிய ஒற்றைப் பாட்டு. அடுத்த வருடம் மூளையில் நீர் சேரும் நோயால் கச்சேரிகளையும் ரத்து செய்தார். செய்தியை நண்பனுக்கு அனுப்பினேன். "அப்போ புது ஆல்பம் வராதா?" என்று பதில் போட்டான்.