அபூர்வமா, ஆபத்தா?

அமெரிக்காவில் பழைய ரிவால்வர் சேகரிப்பவர்கள் பலருக்கு ஒரு வியாதி. கொஞ்சம் வித்தியாசமான ஒன்று கையில் சிக்கினால் போதும், முதல் கேள்வியே "இது எவ்வளவு அபூர்வம், என்ன விலை போகும்?" என்பதுதான். கேட்க வேண்டியது அதுவா?

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950-ல் கொண்டுவந்த ஐந்து தோட்டா சின்ன ரிவால்வர் சீஃப்ஸ் ஸ்பெஷல். எடை குறைந்த ஏர்வெயிட் வகை 1952-ல் வந்தது. ஆரம்பத்தில் அதன் ஃபிரேம் மட்டுமல்ல, தோட்டா போடும் சிலிண்டரும் அலுமினியக் கலவை. வெடிக்கும் அழுத்தத்தை அது எத்தனை முறை தாங்கும்? சிலிண்டரில் விரிசல் விழும் என்று தெரிந்ததும் நிறுவனமே எஃகுக்கு மாறிவிட்டது.

மாடல் எண் பொறிக்கும் வழக்கம் 1957-ல்தான் வந்தது. அதனால் இதில் '37' என்று தேடினால் கிடைக்காது. சீரியல் எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. சிலிண்டரை யாராவது மாற்றியிருக்கலாம். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சிலிண்டரில் ஒரு காந்தத்தை வைத்தால் போதும். ஒட்டவில்லையா? சுடவே கூடாது.

இதைச் சொல்லாமல் "அபூர்வம் சார்" என்று மட்டும் சொல்லி விற்றால், அதற்குப் பெயர் வியாபாரமா? சுத்த மோசடி!