திரைக்கு எதிரி மணல்

கைத்தொலைபேசித் திரையைச் சாவி கீறிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். மணலைத்தான் அஞ்ச வேண்டும். மோஸ் கடினத்தன்மை அளவில் திரைக் கண்ணாடி ஏறத்தாழ 6. மணலிலுள்ள குவார்ட்ஸ் 7. சாவியின் பித்தளை 3, 4தான். கடற்கரைக்குப் போய்வந்து போனை அபாயாவின் நுனியால் அழுத்தித் துடைக்கிறோமே, அப்போதுதான் கீறல் விழுகிறது. முதலில் மணலை ஊதிவிட வேண்டும்.

கீழே விழும்போது மூலைகளே பெரும்பாலும் அடிபடுகின்றன. மினுங்கும் மெல்லிய கவர் அங்கே உதவாது (அழகுதான், மறுக்கவில்லை). திரையைவிட விளிம்பு உயர்ந்த றப்பர் கவரே அடியைத் தாங்கும்.

வெளிநாட்டிலுள்ள வாப்பா பேசுவதும் பிள்ளைகள் படிப்பதும் ஒரே போனில் என்றிருக்கும் வீடுகள் நம்மிடையே அநேகம். அது உடைந்தால் இரண்டும் நின்றுவிடும். ஆகவே கவருக்கும் டெம்பர் கண்ணாடிக்கும் பிள்ளைகள் காசு கேட்டால், ஆடம்பரம் என்று பெற்றோர் தட்டிக்கழிக்க வேண்டாம்.