பூக்கடைக்குச் செல்லும் முன்

சங்கராபுரத்தில் நிக்காஹ் நாள் குறித்ததும் நாம் முதலில் மண்டபம் பார்க்கிறோம். பூக்காரரிடம் கடைசியில்தான் செல்கிறோம். அவர் சொல்லும் விலை நம்மைத் திகைக்க வைக்கிறது. காரணம், அன்று முகூர்த்த நாள். ஊரெங்கும் கல்யாணம் நடக்கும் நாளில் மல்லிகை விலை இரட்டிப்பாவதும் உண்டு.

மார்க்கம் நமக்கு நல்ல நாள், கெட்ட நாள் என எதையும் விதிக்கவில்லை. அந்தச் சலுகை இருந்தும் கூடுதல் விலை கொடுப்பானேன்? முகூர்த்தமில்லாத நாளைத் தேர்ந்தெடுத்தால் அதே பூ குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

அலங்காரமே கூடாது என்பதல்ல நம் கருத்து. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மணமுடித்த வேளையில் அவர்கள் மீது மஞ்சள் நறுமணத்தின் அடையாளம் இருந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், பரக்கத்திற்காக துஆச் செய்து, ஓர் ஆட்டைக் கொண்டாவது வலீமா கொடுக்கச் சொன்னதாக புகாரியில் பதிவாகியுள்ளது. மகிழ்ச்சிக்கும் மணத்திற்கும் இடமுண்டு. பொழுது சாய்வதற்குள் வாடும் மேடைக்காகப் பெண்ணைப் பெற்றவர் வட்டிக்குக் கடன் வாங்குவதற்கு இடமில்லை.

மணமகளுக்கு மல்லிகைச் சரம், மணமகனுக்கு ரோஜா மாலை, மேடைக்குச் சம்பங்கியும் சாமந்தியும் போதும். நம்மால் இயன்ற தொகையைப் பூக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம். விடியுமுன் எழுந்து தொடுப்பவரின் கூலியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பூ வாடுமுன் அதைக் கொடுத்துவிடுவோம்.