பாஷை என்ன பாவம் செய்தது?



எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் இருக்கிறான். ஏழாம் வகுப்பு. போன கோடை விடுமுறையில் பக்கத்து பிளாக் பையன்களோடு கிரிக்கெட் விளையாடப் போனான். அவர்கள் வீட்டில் பேசுவது வேறு மொழி. 'அவுட்', 'அவுட் இல்லை' என்று ஆரம்பித்த தகராறு, சட்டைப் பொத்தான் பிய்ந்துபோகிற அளவுக்கு முற்றிவிட்டது. இவனுடைய புதுப் பந்தும் அவர்கள் கையில் மாட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்தவன் ஒரு சபதம் போட்டான். "இனிமே அந்தப் பாஷையைக் காதாலகூடக் கேட்க மாட்டேன்!"

சொன்னபடியே நடந்தான். டி.வி.யில் அந்த மொழிப் பாட்டு வந்தால் சேனலை மாற்றினான். லிஃப்டில் யாராவது அந்த மொழியில் பேசினால் வெளியே வந்து படியேறிப் போனான். மூன்றாவது மாடி வரைக்கும்!

பந்தைப் பிடுங்கியவர்கள் பையன்கள். தண்டனை மட்டும் பாஷைக்கா? இதை யோசித்தபோதுதான் எனக்கு ஒரு பாடகியின் ஞாபகம் வந்தது. அவர் பெயர் நானா முஸ்கூரி. 'நானா? நீயா?' என்று கேட்டுச் சிரிக்காதீர்கள். அவர் பெயரே அதுதான்!

நானா, கிரேக்க நாட்டுக்காரர். 1934ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் தேதி கிரீட் தீவில் பிறந்தார். அப்பா சினிமா தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர். அம்மாவுக்கும் அதே தியேட்டரில்தான் வேலை. இருட்டில் வருகிறவர்களுக்கு இருக்கையைக் காட்டி உட்கார வைப்பார். நானாவுக்கு மூன்று வயதானபோது, குடும்பம் தலைநகர் ஏதென்ஸுக்குக் குடிபோனது.

அங்கேதான் வந்தது வினை. இரண்டாம் உலகப் போரில், 1941 ஏப்ரலில் ஹிட்லரின் ஜெர்மன் ராணுவம் ஏதென்ஸுக்குள் நுழைந்தது. நகரின் நடுவே 'அக்ரோபோலிஸ்' என்ற குன்று இருக்கிறது. உச்சியில் பழங்காலக் கோயில்கள். கிரேக்கர்களுக்கு அது உயிர். அந்தக் குன்றின் மேல் ஹிட்லரின் கொடியை ஏற்றிவிட்டார்கள். அடுத்த மாதமே இரண்டு இளைஞர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஏறி அந்தக் கொடியை இறக்கினார்கள். அவர்களைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். அது தனிக் கதை!

அப்போது நானாவுக்கு ஆறு வயது. அந்த வருடக் குளிர்காலத்தில் ஏதென்ஸில் பெரும் பஞ்சம். கடைகளில் ரொட்டி இல்லை. பல்லாயிரக்கணக்கானோர் பசியால் இறந்தார்கள். நானாவின் அப்பா, ஜெர்மானியரை எதிர்த்து ரகசியமாகப் போராடியவர்களோடு சேர்ந்துகொண்டார். அப்படிப்பட்ட வீட்டில், வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1944 அக்டோபர் 12ஆம் தேதி ஜெர்மன் ராணுவம் ஏதென்ஸை விட்டுப் போனது. மறுநாள் நானாவுக்குப் பத்தாவது பிறந்தநாள்!

நானாவுக்கு ஜென்னி என்று ஓர் அக்கா உண்டு. இருவருமே பாட்டு கற்றுக்கொண்டார்கள். ஆனால், இரண்டு பேருக்கும் சம்பளம் கட்ட வீட்டில் வசதி இல்லை. யாராவது ஒருவர் நிற்க வேண்டும். பெற்றோர் பாட்டு ஆசிரியரிடமே கேட்டார்கள். குரல் நன்றாக இருப்பது அக்காவுக்குத்தான், ஆனால் பாடாமல் இருக்க முடியாதவள் தங்கைதான் என்று அவர் சொன்னாராம். தங்கைதான் தொடர்ந்தாள். இது சரியான தீர்ப்பா? எனக்கு ஜென்னியை நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கிறது. வீட்டில் அக்காவோ தங்கையோ இருந்தால், நீங்களே இதைப் பற்றிச் சண்டை போட்டுப் பாருங்கள்.

1950இல் ஏதென்ஸ் இசைக் கல்லூரியில் நானா சேர்ந்தார். அங்கே சொல்லித் தந்தது மேல்நாட்டுச் சாஸ்திரீய சங்கீதம். நானாவுக்கோ ரேடியோவில் கேட்ட ஜாஸ் பாட்டுகள் மீது கொள்ளை ஆசை. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, பில்லி ஹாலிடே என்று அமெரிக்கப் பாடகிகளைக் கேட்டுக் கேட்டுப் பழகினார். இரவு விடுதிகளில் அந்தப் பாட்டுகளைப் பாடவும் செய்தார். விஷயம் பேராசிரியருக்குத் தெரிந்துவிட்டது. 'நீ பரீட்சையே எழுத வேண்டாம்' என்று நிறுத்திவிட்டார்கள். எட்டு வருடப் படிப்பு! பாவம், அந்தப் பேராசிரியருக்கும் நம் ஏழாம் வகுப்புப் பையன் மாதிரியே காதைப் பொத்திக்கொள்கிற பழக்கம் இருந்திருக்கிறது.

நானா அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. மானோஸ் ஹாஜிதாகிஸ் என்ற பெரிய இசையமைப்பாளர் அவர் பாட்டைக் கேட்டார். 1959இல் கிரேக்கப் பாட்டுத் திருவிழாவில் அவருடைய பாட்டைப் பாடி முதல் பரிசு வாங்கினார் நானா. அடுத்த வருடமும் பரிசு. பிரான்ஸிலிருந்து இசைத்தட்டு கம்பெனி தேடி வந்தது.

1961. இப்போதுதான் நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

கிரேக்க நாட்டைப் பற்றி ஜெர்மானியர்கள் ஒரு படம் எடுத்தார்கள். இசை ஹாஜிதாகிஸ். அதில் வந்த ஒரு மெட்டுக்கு ஜெர்மன் மொழியில் வார்த்தை எழுதி, நானாவைப் பாட வைத்தார்கள். பாட்டின் பெயர், 'ஏதென்ஸின் வெள்ளை ரோஜாக்கள்'. ஊருக்குப் போகிறவரிடம், சீக்கிரம் திரும்பி வரச் சொல்லி விடைகொடுக்கிற பாட்டு. ஜெர்மனியில் அந்த இசைத்தட்டு பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது! நானாவின் பெயரை முதலில் உலகத்துக்குச் சொன்ன பாட்டு அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜெர்மன் ராணுவம் ஏதென்ஸை விட்டுப் போய்ப் பதினேழே வருடம். சின்ன வயதில் தெருவில் கட்டளை போட்ட அதே மொழி. அதே மொழியில் நானா பாடினார். அவர்களும் கேட்டார்கள்.

அந்தப் பாட்டை விலைக்கு வாங்கியவர்களில், போர் நடந்தபோது தொட்டிலில் கிடந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் யாருடைய ரொட்டியையும் பிடுங்கவில்லை. அந்த மொழியில் எத்தனையோ அம்மாக்கள் தாலாட்டு பாடியிருக்கிறார்கள். ஹிட்லர் அதில் கத்தினான் என்பதற்காக, அந்தத் தாலாட்டும் கெட்டதாகிவிடுமா? கத்தியால் ஒருவன் குத்தினால் அவனைத்தான் பிடிக்க வேண்டும். அம்மா காய் நறுக்கும் கத்தியைக் கொண்டுபோய் ஜெயிலில் போட முடியுமா, சொல்லுங்கள்!

உங்களில் புத்திசாலி ஒருவர் இப்போது கையைத் தூக்குவது எனக்குத் தெரிகிறது. "அங்கிள், அவங்க காசுக்காகத்தானே பாடினாங்க?"

நியாயமான கேள்விதான். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரே மெட்டை நாலு மொழியில் பதிவு செய்தால் நாலு நாட்டில் விற்கலாம். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இசைத்தட்டு கம்பெனிகளுக்கு இது வழக்கமான வியாபாரம். 'வெள்ளை ரோஜா'வை ஆங்கிலத்திலும் பாடினார், பிரெஞ்சிலும் பாடினார். வேடிக்கை என்ன தெரியுமா? பிரெஞ்சுப் பாட்டில் ரோஜாக்கள் ஏதென்ஸில் இல்லை, கோர்ஃபு தீவுக்குப் போய்விட்டன! ஆனால், கம்பெனி பாடத்தான் வைக்கலாம். கேட்கிறவரைக் கேட்க வைக்க முடியாது. ஒரு பாட்டோடு விஷயம் முடியவும் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் ஜெர்மன் மொழியில் பாடிக்கொண்டே இருந்தார் நானா.

இன்னொருவருக்கு வேறு சந்தேகம். "இத்தனை மொழியில பாடினா சொந்த மொழி மறந்துபோயிடாதா?"

மறக்கவில்லை. பாரிஸ் நகரில் வீடு எடுத்துத் தங்கினார். ஆனால் அவருக்கு வாசித்த குழுவின் பெயரே 'ஏதென்ஸ்காரர்கள்'! கிரேக்கப் பாட்டுகளையும், 'பூசூக்கி' என்ற கிரேக்க நரம்பு வாத்தியத்தின் ஓசையையும் போன இடமெல்லாம் கொண்டுபோனார். கிரேக்க மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர்கள் அவரால்தான் கிரேக்கப் பாட்டைக் கேட்டார்கள். அடுத்த வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தால், பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வராது, இல்லையா? அது மாதிரிதான்.

1962இல் அமெரிக்காவின் இசையமைப்பாளர் குவின்சி ஜோன்ஸ் நியூயார்க்குக்கு அழைத்து ஆங்கிலப் பாட்டுகளைப் பதிவு செய்தார். 1963இல் ஒரு தமாஷ். 'யூரோவிஷன்' என்று ஐரோப்பிய நாடுகளுக்கு இடையே பெரிய பாட்டுப் போட்டி உண்டு. அப்போது கிரேக்க நாடு அதில் சேரவே இல்லை. நானா எப்படிப் பாடினார் தெரியுமா? லக்ஸம்பர்க் என்ற குட்டி நாட்டின் சார்பில், பிரெஞ்சு மொழியில், லண்டன் நகரில்! எட்டாவது இடம்தான் கிடைத்தது. பரிசு இல்லாவிட்டால் என்ன? 1968 முதல் பல வருடங்கள் அதே லண்டனின் பி.பி.சி. டி.வி.யில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி நடந்தது.

கண்ணாடி போட்டிருக்கும் நண்பர்களுக்கு மட்டும் ஒரு ரகசியம். நானாவின் அடையாளமே கறுப்பு ஃபிரேம் போட்ட கண்ணாடிதான். ஹாரி பெலாஃபோண்டே என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் தன்னோடு பாட அழைத்தார். ஆனால், மேடையில் கண்ணாடியைக் கழற்றிவிடச் சொன்னார். நானாவுக்கு ஒரே வருத்தம். இரண்டே நாளில், 'நான் போகிறேன்' என்று கிளம்பிவிட இருந்தார். கடைசியில் இறங்கி வந்தவர் பெலாஃபோண்டேதான். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது!

கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம், இத்தாலியம், ஸ்பானிஷ், போர்த்துகீசியம், டச்சு, ஹீப்ரு, வேல்ஷ்... இன்னும் இருக்கிறது, எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. பன்னிரண்டு மொழிகளுக்கு மேல் பாடியிருக்கிறார். சீன மொழியும் அதில் உண்டு. கிரேக்கர்களுக்கும் துருக்கியர்களுக்கும் பல தலைமுறைப் பகை. துருக்கி மொழியிலும் பாடியிருக்கிறார், கவனித்தீர்களா?

பசித்த அந்தக் குளிர்காலத்தையும் அவர் மறந்துவிடவில்லை என்றே நினைக்கிறேன். ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் இருக்கிறதே, அது 1946இல் போரால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத்தான் தொடங்கப்பட்டது. 1993இல் அதன் நல்லெண்ணத் தூதரானார் நானா. அவருக்கு முன்பு அந்தப் பொறுப்பில் இருந்து, அந்த வருடம் ஜனவரியில் காலமானவர் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன். அவரும் சின்ன வயதில், ஜெர்மன் ராணுவம் பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தில் பட்டினி கிடந்தவர். தூதரான நானா முதலில் போனது, அப்போது போர் நடந்துகொண்டிருந்த போஸ்னியாவுக்கு. பிறகு 1994 முதல் 1999 வரை ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். ஒருவர் பேசுவதைப் பல மொழிகளில் பெயர்த்துச் சொல்லும் சபை அது. அவருக்குப் பொருத்தமான இடம்தான்!

2008 ஜூலையில் ஏதென்ஸில் விடைபெறும் கச்சேரி நடத்தினார். எங்கே தெரியுமா? அதே அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்தில், இரண்டாம் நூற்றாண்டில் கட்டிய கல் அரங்கத்தில். மேலே ஹிட்லரின் கொடி பறந்ததைக் குழந்தையாக இருந்து பார்த்த ஊர். ஆறு வயதில் பார்த்த குன்றின் கீழே, எழுபத்து மூன்று வயதில் நின்று பாடினார். விடைபெற்றவர் சும்மா இருந்தாரா? 80 வயதானபோது, 2014இல், மறுபடியும் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்!

இதையெல்லாம் நம் ஏழாம் வகுப்புப் பையனிடம் சொன்னேன். பாதிக் கதை வரைக்கும் முகத்தை உம்மென்றுதான் வைத்திருந்தான். 'வெள்ளை ரோஜா' பாட்டைச் செல்போனில் போட்டுக் காட்டினேன்.

"ஒண்ணும் புரியல அங்கிள்" என்றான். ஆனால், "இன்னொரு தடவை போடுங்க" என்றும் சொன்னான்.

இரண்டாவது தடவை பாட்டு முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான்: "அங்கிள், 'என் பந்தைத் திருப்பிக் கொடு'ன்னு அவங்க பாஷையில எப்படிச் சொல்றது?"

எனக்கும் தெரியவில்லை. எங்கள் பிளாக்கில் இரண்டாவது மாடியில் அந்த மொழி பேசும் பாட்டி ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டு வரலாம் என்று லிஃப்டில் ஏறிப் போயிருக்கிறான்.