கொள்கலனுக்கு எத்தனை வாசல்?



2013-ஆம் ஆண்டு டாக்கர் வெளிவந்தது முதல், மென்பொருளைக் கொள்கலனில் இட்டு இயக்குவது எளிதாகிவிட்டது. பள்ளிக்கெனச் சிறு தளம் அமைக்கும் ஆசிரியரும் வேர்ட்பிரஸையும் அதற்குரிய மரியாடிபி தரவுத்தளத்தையும் ஒரே கட்டளையில் லினக்ஸ் வழங்கியில் இயக்கிவிடுகிறார். மகிழ்ச்சியே! ஆயினும், அக்கொள்கலன்களை வலையமைப்போடு இணைக்கும்போது, 'தளம் திறக்கிறதா? அது போதும்' என்னும் மெத்தனம் நம்மவரிடையே காணப்படுகிறது. அது போதவே போதாது என்பது என் கருத்து.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். டாக்கரை நிறுவியதும் வழங்கிக்குள் 'டாக்கர்0' என்னும் மெய்நிகர்ப் பாலம் உருவாகிறது. அதில் இணையும் கொள்கலன்களுக்குப் பொதுவாக 172.17 எனத் தொடங்கும் உள்முகவரிகள் கிடைக்கின்றன. கொள்கலன் வெளியுலகை நாடும்போது வழங்கியின் முகவரியையே தன் முகவரியாகக் காட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து உள்ளே வருவதற்கோ, போர்ட் எனப்படும் வாசலை நாமே திறந்துவிட வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 3306:3306 என்று எழுதித் தரவுத்தளத்தின் வாசலைத் திறக்கிறோம். முகவரி எதையும் குறிப்பிடாததால், வழங்கியின் எல்லா முகவரிகளிலும் அவ்வாசல் திறந்துகொள்கிறது. 'உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ தீச்சுவர் தடுக்குமே' என நாம் நம்பியிருப்போம். தடுக்காது! டாக்கர் தனக்கு வேண்டிய விதிகளை ஐபிடேபிள்ஸில் தானே எழுதிக்கொள்கிறது. தீச்சுவர் காவல் நிற்கும் இடத்தை அடையுமுன்னரே, வரும் தரவுப்பொதிகள் கொள்கலனை நோக்கித் திருப்பப்படுகின்றன. பள்ளியின் முன்வாயிலில் காவலர் விழிப்போடு நிற்க, பக்கவாட்டு வேலியில் புதுவழி வெட்டியதைப் போன்றது இது. காவலரின் பதிவேட்டிலோ எல்லாக் கதவும் பூட்டியதாகவே இருக்கும்.

பொது முகவரியுள்ள வாடகை வழங்கியாயின், அவ்வாசலை உலகில் எவரும் தட்டலாம். உள்ளே இருப்பவை எவை? மாணவர் பெயர், பிறப்புப் பத்திர எண், தேர்வுப் புள்ளி, பெற்றோரின் தொலைபேசி எண். 'சிறிய தமிழ்ப்பள்ளியின் தளத்தை யார் தாக்கப்போகிறார்கள்?' எனச் சிலர் கேட்பர். தானியங்கி நிரல்கள் பள்ளியின் பெயரைப் பார்த்து வருவதில்லை. முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகின்றன. 'கடவுச்சொல் இருக்கிறதே' என்பாரும் உளர். கடவுச்சொல் வீட்டின் உட்கதவு. அதற்காக வெளிக்கதவைத் திறந்தா வைப்போம்?

செய்ய வேண்டியவை எளியவை.

1. இரு கொள்கலன்களுக்கும் பொதுவாகத் தனி வலையமைப்பு ஒன்றை உருவாக்குக. அதில் அவை ஒன்றையொன்று பெயரால் அழைத்துக்கொள்ளும். இயல்பாக அமையும் பாலத்தில் இவ்வசதி இல்லை. இனித் தரவுத்தளத்திற்கு வெளிவாசலே வேண்டியதில்லை.

2. வலைத்தளத்திற்குரிய 80, 443 ஆகிய வாசல்களை மட்டும் திறந்திடுக.

3. பராமரிப்புக்காகத் தரவுத்தளத்தை வழங்கியிலிருந்தே அணுக வேண்டுமெனில், 127.0.0.1:3306:3306 என்று முகவரியோடு எழுதுக. 28-ஆம் பதிப்புக்கு முந்திய டாக்கரில், இவ்வாறு எழுதினாலும் அதே வலையமைப்புப் பகுதியிலுள்ள அண்டைக் கணினிகள் நுழைய வழியிருந்தது. ஆகவே, 2025-இல் வெளிவந்த அப்பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருத்தல் நலம்.

4. கொள்கலன்களுக்கு வரும் போக்குவரத்தை வடிகட்ட விரும்பினால், 'டாக்கர்-யூசர்' என்னும் விதித்தொடரில் எழுதுக. டாக்கர் ஐபிடேபிள்ஸைத் தொடாதவாறு முற்றாக முடக்கும் அறிவுரையை அப்படியே பின்பற்றாதீர். கொள்கலன்களின் இணையத் தொடர்பே அறுந்துபோகக்கூடும்.

இறுதியாக, தீச்சுவரின் பட்டியலை மட்டும் நம்பி அமராதீர். வேறோர் இணைப்பிலுள்ள கணினியிலிருந்து என்மேப் கொண்டு உங்கள் வழங்கியை நீங்களே சோதித்துப் பாருங்கள். திறந்திருக்கும் வாசல் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால், அவ்வாசலை அன்றே அடையுங்கள். பெற்றோர் நம்மை நம்பித் தந்தவை அப்பிள்ளைகளின் விவரங்கள். அவற்றைக் காப்பதும் ஆசிரியப் பணியே.